மாடி ஓரத்து இலவச டிஷ்

இந்தியா ஆடும் கிரிக்கெட் இறுதிப்போட்டியை அரசு சேனலிலும் காட்டியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தத் தைரியத்தில், விளையாட்டுச் சேனலுக்கு ரீசார்ஜ் செய்யும்படி துபாயில் இருக்கும் கணவரிடம் நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் கீழக்கரை வீட்டில், மேட்ச் நேரத்தில் அரசு சேனலைப் போட்டால் தென்னை வளர்ப்பு நிகழ்ச்சி ஓடியது.

மகள் எழுந்து போனாள். தேடிப் போனால், கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியின் ஓரத்தில் குனிந்து, நாங்கள் எப்போதோ கைவிட்ட, அரசின் இலவச டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கடல் காற்று அவள் துப்பட்டாவை இழுத்தது. கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாள் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“அங்கன என்னம்மா செய்யுற?”

“அதே அரசு சேனல்தான், ஆனா காசு கட்டுற பொட்டியில மேட்ச மட்டும் விட மாட்டாங்க உம்மா. இந்த டிஷ்லதான் வரும். பழைய பொட்டிய மாட்டிட்டேன், நீங்க போயி படம் வருதான்னு டிவியப் பாருங்க.”

“நீ போ. நான் திருப்புறேன்.”

“ஒங்களுக்குத் திருப்பத் தெரியுமா?”

“ஒன்னையே வளத்திருக்கேன். எறங்கு.”

அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கீழே அனுப்பினேன். உட்கார்ந்தபடியே டிஷ்ஷைத் திருப்பினேன்.

“வந்துருச்சு உம்மா, அப்புடியே விடுங்க” என்று கீழிருந்து குரல் வந்தது.

மறுநாளே ஆள் வைத்து டிஷ்ஷை மாடியின் நடுவில் பதித்துவிட்டேன். இனி எந்த இறுதிப்போட்டியும் எங்கள் வீட்டுக்குத் தவறாது. துணி காயப்போடப் போகும்போது மட்டும், அந்த ஓரத்துப் பக்கம் இன்னும் நான் போவதில்லை.