எடுத்துக் கொடுத்த வசனம்

எங்கள் நாடகக் குழுவில் அவருக்குக் கிசுகிசு அக்கா என்று பெயர். ஊர்வம்பு பேசுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். மேடையில் யாருக்காவது வசனம் மறந்துபோனால், பக்கத் திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து கிசுகிசுத்து எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. மறந்தவர் கையைப் பின்னால் கட்டி ஒரு விரலை ஆட்டுவார். விரல் ஆடி முடிப்பதற்குள் வசனம் வந்து விழும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சொல் தவறியதில்லை.

நாங்கள் திரும்பத் திரும்பப் போட்டது ஒரே பழைய நாடகம்தான். அக்கா, தங்கை, இரண்டு கல்யாணங்கள். அக்காக்காரி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு இருப்பாள். தங்கை கேள்வி கேட்பாள். கடைசியில் பெட்டியோடு வெளியேறுவாள். அழுதுகொண்டு வரும் தங்கையிடம் அக்கா, "பொறுத்துக்கோ, போகப் போகச் சரியாயிடும்" என்பாள். அதற்குத்தான் கைதட்டல் கூரையைப் பிளக்கும். தங்கை வெளியேறும்போது ஒருத்தனும் தட்டமாட்டான். விளக்குப் போடுகிற எனக்கு அதைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்தான்.

ஒருநாள் ஒத்திகை நடுவே கிசுகிசு அக்காவின் மகள் வந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். இழுத்துவிட்ட முழுக்கைச் சட்டையை மீறி, மணிக்கட்டில் அடிபட்ட நீலம் தெரிந்தது. நான் பக்கத்தில்தான் ஏணி மேல் பல்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, என்னால முடியலம்மா. நான் மறுபடியும் அங்க..." என்றவள் பாதியிலேயே நின்றாள்.

கிசுகிசு அக்காவின் கண் மேடையில் இருந்தது. எதிரில் ஒருத்தி பாதியில் நின்றால் எடுத்துக் கொடுத்தே பழகிய வாய். "பொறுத்துக்கோ, போகப் போகச் சரியாயிடும்" என்றது.

மகள் சட்டைக் கையை மணிக்கட்டுக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டாள். "சரிம்மா" என்று போய்விட்டாள்.

அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "தம்பி, அவ இப்ப என்ன கேட்டா?"

"போன் போட்டுக் கேளுங்கக்கா" என்றேன். இறங்கி ஓடிப்போய் அந்தப் பெண்ணை நிறுத்தியிருக்கலாம். பல்பைத்தான் திருகிக்கொண்டிருந்தேன்.

அக்கா சாயங்காலமே பேசினார். "நீ சொன்னா சரிதாம்மா" என்றாளாம் மகள். மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து, மகளின் உயிர் போய்விட்டதென்று தகவல் வந்தது. மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்றான் மருமகன். எந்தப் படியில் விழுந்தால் கழுத்தில் ஐந்து விரல் பதியும்?

"அன்னைக்குப் போன்லயே வந்துடுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு தம்பி. எனக்கு யாராவது எடுத்துக் கொடுத்திருந்தா சொல்லியிருப்பேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் முக்காலிக்கு வந்தார். அரங்கு நிறைந்திருந்தது. தங்கை அழுதுகொண்டு வந்தாள். அக்காவாக நடித்தவள் அவள் தோளைப் பிடித்தாள், வசனம் வரவில்லை. கை பின்னால் போனது, விரல் ஆடியது.

கிசுகிசு அக்காவின் வாய் திறக்கவில்லை. விரல் மறுபடியும் ஆடியது. "குடும்மா, குடும்மா" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து டைரக்டர் பல்லைக் கடித்தார்.

"வந்துடு" என்றார் அக்கா. கிசுகிசுப்பாக இல்லை, கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "இப்பவே வந்துடும்மா. நான் இருக்கேன்."

நடிகை பாவம், காதில் விழுந்ததைச் சொல்லிப் பழகியவள். அப்படியே சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. தங்கை திகைத்து நின்றாள்; அதற்குப் பதில் வசனம் நாடகத்தில் கிடையாது.

எல்லோரும் பக்கத் திரையைப் பார்த்தார்கள். அக்கா வசனப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, மகள் அன்றைக்கு நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளக்கை அணைத்தேன்.