மூடிய கராஜில் கொதித்த பியர்

1. கடை

நான் பியர் குடிப்பதில்லை. ஆனால் தொண்ணூறுகளில், நியூஸிலாந்தில், ஆக்லாந்தின் மேற்குப் பக்கத்தில், வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையொன்றில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவள் என்பதால் தெர்மோமீட்டரும் ஹைட்ரோமீட்டரும் எனக்குப் புதிதல்ல. கடை முதலாளி கெவின் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். நீ குடிப்பாயா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் சரக்குக் குறையாது என்று சிரித்துக்கொண்டு, திங்கட்கிழமையே வரச் சொன்னார்.

பெரும்பாலானோர் டின்னில் வரும் மோல்ட் பாகை வாங்கிப்போய், தண்ணீரும் ஈஸ்டும் சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். அந்த டின் சுப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். எங்களைத் தேடி வந்தவர்கள் 'ஆல் கிரெயின்' ஆட்கள். தானியத்திலிருந்தே தொடங்குகிறவர்கள்.

அந்த வேலை இப்படி நடக்கும். முளைவிட்டு உலர்த்திய பார்லியை மில்லில் உடைக்க வேண்டும். மாவாக்கிவிடக் கூடாது. உள்ளே இருப்பது நொறுங்க வேண்டும், உமி முழுசாக இருக்க வேண்டும். பிறகு அந்த உமிதான் வடிகட்டி. மாவாகிவிட்டால் எல்லாம் களிபோல இறுகி, குழாயால் ஒரு சொட்டும் வராது. உடைத்ததை 'மாஷ் டன்' என்ற பாத்திரத்தில் கொட்டி, வெந்நீர் கலந்து, அறுபத்தாறு, அறுபத்தேழு டிகிரியில் ஒரு மணித்தியாலம் மூடி வைப்போம். எங்கள் மாஷ் டன் வேறொன்றுமில்லை, பிக்னிக்குக்கு ஐஸ் போட்டுக் கொண்டுபோகும் 'சில்லி பின்' பெட்டிதான். அதன் அடியில் கீறல் போட்ட செப்புக் குழாயைக் கெவின் தன் கையால் பொருத்திக் கொடுப்பார்.

மாச்சத்து சீனியானதும் குழாயைத் திறந்தால் 'வோர்ட்' வரும். வோர்ட் என்பது இனிப்புத் தண்ணீர், அதில் மது கிடையாது. மேலே சுடுநீரை மெல்ல மெல்ல ஊற்றி மிச்ச இனிப்பையும் கழுவி எடுப்பதற்கு 'ஸ்பார்ஜ்' என்று பெயர். பிறகு கசப்புக்காக ஹொப்ஸ் என்ற உலர்ந்த பூக்களைப் போட்டு ஒரு மணித்தியாலம் தளதளவென்று கொதிக்க வேண்டும். அவ்வளவு பெரிய பானையைக் குசினி அடுப்பு கொதிக்க வைக்காது. அதற்குத்தான் காஸ் சிலிண்டரில் இணைக்கும் ரிங் பர்னர் விற்றோம். கடைசியில் வோர்ட்டுக்குள் செப்புச் சுருளை இறக்கி, அதற்குள் பைப் தண்ணீரை ஓடவிட்டுச் சட்டென்று ஆறவைத்து ஈஸ்ட் போடுவோம்.

சனிக்கிழமைகளில் கடையின் பின்முற்றத்தில் இதையெல்லாம் செய்து காட்டுவது என் பொறுப்பு. வோர்ட்டை நாக்கில் ஒரு துளி வைத்தே மாஷ் சரியாக வந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமையாகவே எழுதுகிறேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி.

2. பாஸ்கர்

பாஸ்கர் சென்னைக்காரர். நகர மையத்தில் கம்ப்யூட்டர் வேலை. வெஸ்ட்கேட்டில் கடைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அதற்குப் பக்கத்தில் மாஸியில் வாடகைக்கு இருந்தார். கவுண்டரில் நின்ற நான் தமிழில் பதில் சொன்னதும் அவருக்கு நம்ப முடியவில்லை. ஆபீஸில் எல்லோரும் வெள்ளிக்கிழமை சேர்ந்து குடிக்கப் போவார்களாம். இவர் ஓரமாக நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாராம். தன் கையால் காய்ச்சிய பியரைக் கொடுக்க அவர்களை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும், அதுவும் டின் பாகில் செய்ததாக இருக்கக் கூடாது என்றார்.

எல்லாவற்றையும் கெவினின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே போய் இறக்கினேன். அவர் மனைவி மீனா கோப்பி தந்தார். வரிசையாக இறங்கிய பானையையும் சுருளையும் பார்த்துவிட்டு, "இத்தனையும் ஒரு கிளாஸ் பியருக்கா அக்கா?" என்று கேட்டார். ஓம் என்றேன். மூவரும் சிரித்தோம்.

நல்ல வெயில் நாள் அது. கராஜுக்குப் பின்னால், கொங்கிரீட் தரையில் பர்னரை வைத்து எரித்துக் காட்டினேன். எப்போதும் வெளியில்தான் எரிக்க வேண்டும் என்று சொன்னேன். பாஸ்கர் தலையாட்டினார்.

3. இரண்டு அழைப்புகள்

அடுத்த சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. மத்தியானம் பாஸ்கர் கடைக்கு ஃபோன் எடுத்தார். ஸ்பார்ஜ் நின்றுவிட்டதாம், குழாயால் எதுவும் வரவில்லையாம். பதற வேண்டாம், தானியத்தை மெதுவாகக் கிளறி, கொஞ்சநேரம் அடங்க விட்டு, குழாயை அரைவாசி மட்டும் திறவுங்கள் என்றேன். ஃபோனைப் பிடித்தபடியே செய்து பார்த்தார். வோர்ட் வந்தது. சந்தோஷமாக வைத்தார்.

பின்னேரம் மறுபடி அழைப்பு. கெவின் எடுத்தார். சற்று நேரம் கேட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். உன்னுடைய ஆள் பியர் பழுக்குமுன்னமே குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

பாஸ்கரின் நாக்குக் குழறியது. ஹொப்ஸ் எப்போது போடுவது என்று கேட்டார். சொன்னேன். உடனே அதையே திரும்பக் கேட்டார். தலை வெடிக்கிறது, தெர்மோமீட்டரில் கோடே தெரியவில்லை என்றார். குரலுக்குப் பின்னால் பர்னரின் இரைச்சல் கேட்டது. வெளியில் வைத்து எரித்தால் அந்த இரைச்சல் இப்படிக் கேட்காது. சுவரில் பட்டுத் திரும்பி வந்தது சத்தம்.

"பாஸ்கர், எங்கை நிண்டு கதைக்கிறீங்கள்?"

"கராஜ்ல மேடம். மழை... சாரல் அடிக்குதுன்னு கதவ மூடிட்டேன்."

அவர் குடிக்கவில்லை. அந்த வீட்டில் குடிப்பதற்கு வோர்ட்டைத் தவிர ஒன்றுமில்லை. மூடிய இடத்தில் எரியும் காஸ் விடுகிற நச்சுக்காற்றுக்கு மணமில்லை, நிறமில்லை. ஆளைக் குடித்தவன் மாதிரி ஆக்கிவிட்டுத்தான் கொல்லும்.

"அதை அப்பிடியே விட்டிட்டு வெளியிலை வாங்கோ. இப்பவே."

"பொங்கிடும் மேடம்," என்றார் அவர், நிதானமாக. யோசிக்கிற புத்தி அவரை விட்டுப் போயிருந்தது. பிறகு ஃபோன் எதிலோ இடித்து விழுந்த சத்தம். அதற்குப் பிறகு பர்னரின் இரைச்சல் மட்டும்.

என் முகத்தைப் பார்த்ததும் கெவினின் சிரிப்பு நின்றது. விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே ஃபாக்ஸ் லைனில் அவசர இலக்கமான 111 அடித்து, நான் சொல்லச் சொல்ல விலாசத்தைக் கொடுத்தார். ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது. ஆனால் அது போய்ச் சேரும் வரைக்கும் அவர் தாங்க வேண்டுமே. மீனா வீட்டுக்குள்தான் இருப்பார், சுவருக்கு அந்தப் பக்கம். அவரைக் கூப்பிட வழியில்லை. அந்த வீட்டு லைன் இந்த அழைப்பிலேயே மாட்டிக்கொண்டிருந்தது.

என்னால் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான். ரிசீவருக்குள் மீனா, மீனா என்று கத்திக்கொண்டே இருந்தேன். கடையில் நின்ற இரண்டு பேர் கையில் எடுத்த சாமானோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

குசினியில் இன்னொரு ஃபோன் அதே லைனில் இருந்தது. சாப்பாடு ஆறிப்போகிறதே, இந்த மனுஷன் இன்னும் பேசி முடிக்கவில்லையா என்று மீனா அதை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"அக்கா? என்னாச்சு, ஏன் கத்துறீங்க?"

"மீனா, சொல்லுறதைச் செய்யுங்கோ. வெளியாலை ஓடிப்போய்க் கராஜின்ரை பெரிய கதவைத் தூக்குங்கோ. வீட்டுக்குள்ளாலை போகாதேங்கோ. தூக்கினாப் பிறகு சிலிண்டரை மூடுங்கோ. அவரை மழைக்குள்ளை இழுத்துப் போடுங்கோ."

மீனா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, விழுந்து கிடந்த மற்ற ஃபோன் வழியாகக் கதவு கிறீச்சிட்டு மேலே போகும் சத்தம். இரைச்சல் நின்றது. மழைச் சத்தம் தெளிவாகக் கேட்டது. அதற்குள் மீனாவின் அழுகை. அதற்கும் பிறகு, யாரோ ஓங்காளிக்கும் சத்தம். ஒரு மனிதன் வாந்தி எடுப்பதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒருநாள்தான்.

பாஸ்கருக்கு ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் கொடுத்து வைத்திருந்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

4. கெவினோடு வாக்குவாதம்

திங்கட்கிழமை மீனா பர்னரைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். இது எங்கள் வீட்டில் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். என் கையை இறுகப் பிடித்தார். பிறகு போய்விட்டார்.

இனிமேல் பர்னர் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் கதைத்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று கெவினிடம் சொன்னேன். பெட்டியில் எச்சரிக்கை எழுதியிருக்கிறது, நீயும் வாயால் சொன்னாய், வளர்ந்த ஆள் வீட்டில் செய்வதற்கு நாங்கள் என்ன பண்ணுவது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நான் விடவில்லை.

"வெளியிலை எரியுங்கோ எண்டு வெயிலுக்குள்ளை நிண்டு சொன்னன். அவரும் ஓம் எண்டவர். இந்த ஊரிலை எந்த நேரம் மழை வரும் எண்டு யாருக்குத் தெரியும்? மழை வந்தால் என்ன செய்வீங்கள் எண்டு நாங்கள் கேக்கேல்லையே," என்பதைத்தான் ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னேன். கெவின் சுருட்டி வைத்திருந்த செப்புக் குழாயை எடுத்து அறுக்கத் தொடங்கினார்.

அந்தக் கிழமையே ஒருவர் பர்னர் கேட்டு வந்தார். கவுண்டரில் கெவின்தான் நின்றார். மழை வந்தால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. கராஜுக்குள் தூக்கிக்கொண்டு போவேன், வேறென்ன என்றார் வந்தவர். கெவின் பர்னரைத் திரும்ப அலுமாரித் தட்டில் வைத்துவிட்டு, மின்சார எலிமெண்ட் பொருத்திய பானையை எடுத்துக் காட்டினார்.

பாஸ்கரும் பிறகு அந்தப் பானையையே வாங்கினார். ஆபீஸ் ஆட்கள் வந்து குடித்துவிட்டுப் போனார்களாம். மீனாவும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, கசக்கிறது என்றாராம்.

இன்றைக்கு எந்தக் கடையிலும் கவுண்டரில் நிற்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு சாமானைப் பற்றி நீங்கள் சொல்லிக்கொடுத்ததை, வாங்குகிறவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போய்விடுவார். அவர் அதை எப்படிப் பாவிக்கப் போகிறார் என்பது அவர் வாயால் சொன்னால்தான் தெரியும். அதனால் கேளுங்கள், பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அந்தக் கடையில் இருந்த காலம் முழுவதும் நாங்கள் மழையைப் பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்டோம். கராஜ் என்று சொல்லாதவர்கள் மிகச் சிலர்.