முப்பதாம் தேதி வரை பேக்கப் ஓகே

அந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி காலையில் பரமேஸின் கம்ப்யூட்டர் செத்துப்போனது. சுவரில் தொங்கிய பேக்கப் படிவத்தின்படி முப்பதாம் தேதி வரைக்கும் எல்லாம் வெற்றிகரமாக முடிந்திருந்தது. இன்னும் விடியாத ஏழு நாட்களுக்கும் சேர்த்து நான்தான் டிக் போட்டிருந்தேன்.

மலேசியாவின் செனாயில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எங்களுக்கு வேலை. நான் ஸ்டோர் கிளார்க். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் வரைதான் படிப்பு. பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருமுறை இழுத்தெடுத்த குற்றத்துக்காக ஐடி வேலையும் என்னிடம் வந்தது. பரமேஸ் டிசைன் பகுதியில் பெட்டிகளின் அளவுப்படம் வரைபவள்.

1. ரகசியம்

ஸ்டோர் மூலையில் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று இருக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டரும் தினமும் மதியம் தங்கள் கோப்புகளை அதில் நகல் எடுத்து வைக்கும். நுழைய பாஸ்வர்ட் வேண்டும். அதை ஸ்டிக்கரில் எழுதி அந்தப் பெட்டியின் நெற்றியிலேயே ஒட்டியிருந்தோம். ஆடிட்டுக்கு வந்தவர் அதை ஆசையாகப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மேனேஜர் ராஜன் தானே உட்கார்ந்து பாஸ்வர்டை மாற்றினார்.

"மணியம், இனிமே இது எனக்கு மட்டும்தான் தெரியும். கடவுளே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன் லா."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எங்களுக்கும் சொல்லவில்லை, கம்ப்யூட்டர்களுக்கும் சொல்லவில்லை. அவை தினமும் மதியம் பழைய பாஸ்வர்டோடு போய்க் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தன. பேக்கப் தவறினால் மின்னஞ்சல் போகும்படி ஏற்பாடு இருந்தது. அதுவும் தவறாமல் போனது, எப்போதோ வேலையை விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்குப் போன ஒருவரின் பழைய முகவரிக்கு.

படிவத்தில் மட்டும் குறையே இல்லை. ஒன்றாம் தேதியே முழு மாதத்துக்கும் டிக் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். ஆடிட்டர் எந்த நாளில் வந்தாலும் கட்டம் காலியாக இருக்கக் கூடாது.

2. மூன்று முறை

கம்ப்யூட்டர் சாவதற்கு இரண்டு வாரம் முன்பு, மவுஸ் மாற்றப் போனபோது பரமேஸின் திரையில் சிவப்புக் குறி ஒன்றைப் பார்த்தேன். கடைசியாக பேக்கப் ஆனது ஐந்து வாரத்துக்கு முன், பாஸ்வர்ட் மாற்றியதற்கு முந்தைய நாள்.

மேனேஜர் அறைக்குப் போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தார், திரும்பிவிட்டேன். மறுபடி போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை சும்மாதான் இருந்தார்.

"என்ன மணியம்?"

"ஒன்னும் இல்ல பாஸ். ஏர்கோன் ஓகேவான்னு பாக்க வந்தேன்."

ஏர்கோன் நன்றாகவே குளிரூட்டிக்கொண்டிருந்தது. 'உங்களால்தான் பேக்கப் நின்றது' என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

3. இருபத்து மூன்று

"அண்ணே, பேக்கப்புல இருக்குல்ல?" என்றாள் பரமேஸ். "ஏழு வாரத்து படம்ணே. பிஸ்கட் பெட்டி எல்லாம் வெள்ளிக்கிழமை பிரிண்டுக்குப் போகணும். இந்த மாசத்தோட என் கான்ட்ரேக்ட் வேற முடியுது."

அதற்குள் மேனேஜர் வந்தார்.

"அலமாக், எதுக்கு இந்தக் கலவரம்? பாரத்தப் பாருங்க, எல்லாம் டிக்." பெருமையோடு படிவத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனவர் முப்பதில் நின்றார். "இன்னைக்கு என்ன தேதி?"

படிவத்தை விட்டு பரமேஸ் பக்கம் திரும்பினார்.

"பரமேஸ், நீதான் சரியா சேவ் பண்ணியிருக்க மாட்ட."

அவள் கண் கலங்கிவிட்டது.

"இல்ல பாஸ்," என்றேன். "நீங்க பாஸ்வர்ட் மாத்துன நாள்லேர்ந்து பேக்கப் ஓடல. எனக்கு ரெண்டு வாரமா தெரியும். டிக் போட்டதும் நான்தான். பரமேஸ் மேல தப்பு இல்ல."

பதினோரு வருடத்தில் அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது.

"தெரிஞ்சா அப்பவே சொல்றதுக்கு என்னய்யா?"

"நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க பாஸ்."

நல்லவேளையாக, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட ஒவ்வொரு பெட்டிக்கும் மாதிரி ஒன்று என் ஸ்டோரில் இருந்தது. அவற்றைப் பிரித்து விரித்து, இரும்பு ரூலரால் அளந்து நான் சொல்லச் சொல்ல, வேறொரு கம்ப்யூட்டரில் பரமேஸ் வரைந்தாள். ஏழு வார வேலையை மூன்று நாளில் முடித்தாள். வெள்ளிக்கிழமை படங்கள் பிரிண்டுக்குப் போயின. கான்ட்ரேக்ட்டும் நீண்டது. மேனேஜர் 'டீம் ஒர்க்' பற்றிச் சிறிய உரை ஆற்றினார்.

இப்போது பேக்கப்புக்கென்று தனிக் கணக்கும் தனி பாஸ்வர்டும் இருக்கின்றன. கம்ப்யூட்டர்களுக்கும் அதைச் சொல்லியாயிற்று. எச்சரிக்கை மின்னஞ்சல் எனக்கு வருகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஸ்டோரேஜிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்து, திறந்து, கண்ணால் பாருங்கள். அதற்குப் பிறகு டிக் போடுங்கள்.

மேனேஜருக்கும் இந்த யோசனை பிடித்துப்போய், 'திறந்து பார்த்தேன்' என்ற கட்டத்தோடு புதுப் படிவம் அடித்தார். ஒன்றாம் தேதி காலையில் அது சுவரில் தொங்கியது. முழு மாதத்துக்கும் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்து, கையெழுத்து இல்லாத படிவம் ஒன்று கேட்டேன்.