சாவிக்கட்சி பேட்ஜ்

எங்க வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிற வேலை. ஊருக்கெல்லாம் பார்வை குடுக்கிற மகராசருக்கு வீட்டுல நடக்குற ஒண்ணும் கண்ணுல படாது. படுறதெல்லாம் பேட்ஜ்தான். ரெண்டாம் உலகப் போருக்கு முந்தின நாலஞ்சு வருஷத்துல கட்சிக்காரங்க கோட்டுல குத்திக்கிட்டுத் திரிஞ்ச பித்தளை பேட்ஜ். தலைவருங்க போய்ச் சேர்ந்தாச்சு, கட்சியும் போச்சு, பேட்ஜ் மட்டும் என் அலமாரியில மூணு தட்டுல சௌக்கியமா இருக்கு. என் துணிமணி கட்டிலுக்கு அடியில.

அதுலயும் சாவிச் சின்னம் போட்ட சாவிக்கட்சி பேட்ஜுக்காக இருபது வருஷமா நாயா அலைஞ்சார். வீடு புகுந்து ஆளை இழுத்துப்போட்டு அடிச்ச கட்சி அது. போர் முடிஞ்சதும் அந்தக் கட்சி ஆளுங்களைப் பிடிச்சு ஜெயில்ல போட ஆரம்பிக்க, குத்தியிருந்தவங்க எல்லாம் ராவோட ராவா சாக்கடையில வீசிட்டாங்களாம். அதனால அபூர்வமாம். ரொம்பப் பெருமைதான் போங்க!

எங்க பொண்ணு ஒரு பையனை விரும்பினா. பையனோட அப்பா தலைமையாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா சாவிக்கட்சியை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர்னு பையனுக்குத் தலைகால் புரியாத பெருமை. அப்பாவும் பிள்ளையும் கல்யாணம் பேச வர்ற அன்னிக்குக் காலையில பொண்ணு சொல்லிட்டா: "அப்பா, பேட்ஜைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. இந்தக் கல்யாணம் மட்டும் நின்னுச்சு, உங்க முகத்துலயே முழிக்க மாட்டேன்."

மனுஷன் வாயைத் திறக்கல. ஆனா அன்னிக்குன்னு பார்த்து தபால்ல சாவிக்கட்சி பேட்ஜ் வந்து தொலைச்சுது. வந்தா உடனே கெட்டித் துணியில குத்தி ஊசி நிக்குதான்னு பார்க்கணுமாம். போட்டிருந்த கோட்டுலயே குத்தினார். அப்பதான் அழைப்புமணி அடிச்சுது. அப்படியே போய்க் கதவைத் திறந்தார்.

சம்பந்தி ஒரு கால் உள்ள வச்சவர் அப்படியே நின்னுட்டார். பையன் முகம் சிவந்து, "எங்க தாத்தாவை ஜெயில்ல தள்ளின கட்சி இல்ல இது?"ன்னான்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "பதறாதீங்க மாப்பிள்ளை, இது முதல் வார்ப்பு இல்ல, ரெண்டாவது வார்ப்புதான்." அடடா, என்ன ஒரு சமாதானம்!

பொண்ணு என்னைப் பார்த்த பார்வையில நான் செத்துட்டேன். சம்பந்தி மெதுவா கிட்ட வந்து, பேட்ஜை விரலால திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டாவதும் இல்ல. இது போலி. அசல்ல ஊசி கிடையாது, பின்னாடி திருகுதான் இருக்கும். எங்கப்பா கோட்டுல தினமும் நான்தான் மாட்டிவிடுவேன்."

பையன் அப்பா பக்கம் திரும்பினான். "தாத்தா ஜெயிலுக்குப் போனார்னு சொன்னீங்களே?"

"போனார்தான். போர் முடிஞ்சப்புறம்."

பையன் செருப்பு வைக்கிற பலகையிலேயே உட்கார்ந்துட்டான். எங்க பொண்ணு பக்கத்துல போய் உட்கார்ந்து அவன் கையைப் பிடிச்சா. அவன் இழுத்துக்கல. கல்யாணம் நிக்காதுன்னு தெரிஞ்சு அப்பதான் எனக்கு உயிர் வந்துச்சு.

அந்த நேரம் பார்த்து எங்க வீட்டுக்காரர் கேக்குறார்: "சம்பந்தி, அந்தத் திருகு எந்தப் பக்கமா சுத்தும்?"

கையில கிடைச்சதை எடுத்து மண்டையில போடலாம்னு வந்துச்சு எனக்கு. ஆனா அம்பது வருஷமா சம்பந்தியை யாரும் இதைப் பத்தி எதுவுமே கேட்டதில்ல போல.

"இடது பக்கம்"னு காத்துல விரலைச் சுத்திக் காட்டினார். கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது. "எனக்கு எட்டு வயசு. நழுவ விடாம மாட்டிட்டா அப்பா ஒரு முத்தம் குடுப்பார்."