கீழ் மூலையில் இன்றைய தேதி

பள்ளி அலுவலகத்துப் பிரிண்டரிலிருந்து வந்த தாள் கைக்குச் சூடாக இருந்தது. ஏதோ சுற்றறிக்கை. என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்னாலேயே என் கண் தாளின் கீழ் வலது மூலைக்குப் போய்விட்டது. எந்தத் தாளைக் கொடுத்தாலும் எனக்கு இதே கதைதான். "இன்னா டீச்சர், கள்ள நோட்டு பாக்குற மாதிரி பாக்குறீங்க?" என்று கிளார்க் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த மூலையைப் பார்த்தால் எனக்குப் பயம்.

சூடான தாளுக்கென்று ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? இஸ்திரிப் பெட்டியை எடுத்ததும் துணியிலிருந்து எழும்புமே, கிட்டத்தட்ட அதுதான். எனக்கு அதோடு கொஞ்சம் சாலைப் புழுதியும் சேர்ந்தால்தான் அந்த வாசனை முழுமையாகும். ஏனென்றால் நான் அதை முதலில் மோந்தது ஸ்ரீபெரும்புதூரில், மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு பிரவுசிங் சென்டரில். இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில். வாசலில் நாள் முழுக்க கம்பெனி பஸ்களும், முதுகில் புதுக் கார்களை அடுக்கிய நீள லாரிகளும் போகும். காலையில் துடைத்த கீபோர்டில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம்.

நான் அங்கே கம்ப்யூட்டர் தட்டுவதற்காக ஊரிலிருந்து வரவில்லை. கோவில்பட்டியிலிருந்து எங்கள் தெருப் பெண்கள் நான்கு பேர் செல்போன் கம்பெனி வேலைக்குக் கிளம்பினோம். மூன்று பேரை எடுத்துக்கொண்டார்கள். கண் பரிசோதனையில் நான் மாட்டிக்கொண்டேன். கடுகளவு பாகத்தைப் பார்த்துப் பொருத்த வேண்டிய இடத்தில் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரியை வைத்து என்ன செய்வார்கள்? ஊருக்குத் திரும்ப வெட்கமாக இருந்தது. மற்ற மூவரும் ஷிப்ட் மாறி மாறிப் போவதால் அறையில் எப்போதும் ஒரு பாய் சும்மா கிடக்கும். அதில் படுத்துக்கொண்டு, கையில் இருந்த ஒரு டி.சி.ஏ. கம்ப்யூட்டர் சான்றிதழை வைத்து இந்தக் கடையில் சேர்ந்தேன்.

கடை முதலாளி ஏகாம்பரம் அண்ணன், பென்னலூர்க்காரர். நிலத்தைக் கம்பெனிகளுக்காக எடுத்துக்கொண்டபோது கிடைத்த பணத்தில் ஆறு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டவர். அவருக்கு அதை ஆன் செய்யவும் தெரியாது. ஆனால் ஆயுத பூஜைக்கு ஆறுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மவுசுக்குத் தனியாக ஒரு பொட்டு வைப்பார். நல்ல மனுஷர். என்னை ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அவர் தலையில் நான் எந்தப் பழியையும் போடப் போவதில்லை. போட ஆசைதான்.

சாயங்காலம் நாலரை மணியானால் பள்ளிப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். எல்லா டீச்சர்களும் அப்போது ஒரே வாக்கியத்தைக் கற்று வைத்திருந்தார்கள்: "நெட்ல எடுத்துட்டு வா." எதை, எங்கிருந்து, எப்படி என்பதெல்லாம் கிடையாது. பிள்ளை வந்து பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரும். தலைப்பைச் சொல்லும். நான் தேடுவேன், முதலில் வருவதைத் திறப்பேன், பிரிண்ட் கொடுப்பேன். மவுஸ் என் கையில்தான் இருக்கும். அது என் கடைச் சட்டம். பிள்ளைகள் கையில் கொடுத்தால் நேரமாகும், பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள். "கத்துக் குடுத்துக்கினு இருந்தா கடைய யாரும்மா பாக்குறது?" என்று அண்ணன் ஒரே ஒருமுறை கேட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்க வேண்டிய தேவை வரவில்லை. நானே அப்படித்தான் ஆகிவிட்டேன்.

நெட் வேறு நொண்டியடிக்கும். கரண்டு சொல்லாமல் கொள்ளாமல் போகும். யு.பி.எஸ். கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் பத்து நிமிஷம் தாங்கும், ஆனால் நெட் வரும் மோடத்துக்கு அதிலிருந்து இணைப்பு கிடையாது. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அடிக்கடி கேட்கும் பக்கங்களை எல்லாம் கம்ப்யூட்டரிலேயே சேமித்து, 'ரெடி' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தேன். தாஜ்மகால், சூரிய சக்தி, புவி வெப்பமடைதல், மழைநீர் சேகரிப்பு. கேட்ட அரை நிமிஷத்தில் தாள் கையில். ஒரு வகுப்பில் பதினோரு பிள்ளைகள் ஒரே தாஜ்மகாலைக் கொடுத்தார்கள், அடியில் அதே செருப்பு விளம்பரத்தோடு. பதினோரு பேருக்கும் முழு மார்க். "அக்கா சூப்பரா தேடும்" என்று எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரில் நான் குளிர்காய்ந்தேன், பொய் சொல்வானேன்.

ஜெசிந்தா மண்ணூர்ப் பெண். அவள் அப்பா கம்பெனிகளுக்கு ஷெட் போடும் வெல்டர். பள்ளியில் படிக்கும்போதே வருவாள். மற்றவர்கள் தாளை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள், இவள் நின்று படிப்பாள். படித்துவிட்டு, "இத யாருக்கா எழுதுனது?" என்று கேட்பாள். யாருக்குத் தெரியும்? "நெட்ல இருக்கு" என்பேன். ஒருநாள், "நானே தேடிப் பாக்கட்டுமாக்கா? நீ சும்மா பக்கத்துல இரு" என்றாள். பின்னால் ஐ.டி.ஐ. பையன்கள் பயோடேட்டா அடிக்க நின்றுகொண்டிருந்தார்கள். "இன்னொரு நாள் பாப்போம்" என்று மவுஸை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மூன்று தடவையாவது அப்படி இழுத்திருப்பேன்.

பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். ஞாயிறு பூசை முடிந்து சர்ச்சிலேயே சாமியாரும் சிஸ்டர்களும் பாராட்டினார்களாம். அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். அரசு நர்சிங் டிப்ளமாவுக்கு விண்ணப்பம் எப்போது கொடுக்கிறார்கள், கடைசி நாள் என்ன என்று பார்க்க வந்தாள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்ததும் கரண்டு போய்விட்டது. யு.பி.எஸ். கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. "ஒரு தாளுக்கு இவ்ளோ நேரமாம்மா?" என்று அண்ணன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். என்னிடம்தான் 'ரெடி' இருக்கிறதே. முந்தின வருஷம் யாருக்கோ எடுத்துச் சேமித்த அறிவிப்பு அதில் இருந்தது. திறந்தேன். பிரிண்ட் போட்டேன்.

ஜெசிந்தா வழக்கம்போல நின்று படித்தாள்.

"அக்கா, மேல கட்டத்துல ஒன்னியும் வரலியே. இன்னா இருந்துச்சு?"

"அது படம். படம் சில நேரம் வராது."

"இது இந்த வருசத்துதுதான? வருசமே போடல."

நான் தாளைத் திருப்பி, கீழ் வலது மூலையை விரலால் தட்டிக் காட்டினேன். "இங்க பாரு, இன்னிக்குத் தேதி போட்டுருக்குல்லா."

போட்டிருந்தது. எந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தாலும் எடுக்கிற நாளின் தேதி தானாக அங்கே வந்து விழும். பதினோரு தாஜ்மகாலின் கீழும் விழுந்தது. அது எனக்குத் தெரியும். தினமும் நூறு தாளில் பார்க்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அந்த நேரத்தில் வாய் முந்திக்கொண்டது. பின்னால் ஆள் நிற்கிறது, யு.பி.எஸ். கத்துகிறது, அக்கா சூப்பரா தேடும். அவள் முகம் தெளிந்துவிட்டது. "ஆமால்ல" என்று தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து வந்தாள். தாளில் போட்டிருந்த கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்னதாகவே அப்பாவை லீவு போடச் செய்து, இரண்டு பஸ் மாறிச் செங்கல்பட்டுக்குப் போயிருக்கிறார்கள். விண்ணப்பம் கொடுப்பதை நிறுத்திப் பத்து நாள் ஆகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, "ஒரு பயோடேட்டா அடிச்சிக் குடுக்கா. கம்பெனில ஆள் எடுக்குறாங்களாம்" என்றாள்.

"நர்சிங்?"

"நெட்ல போட்டுட்டு அப்பால தேதிய மாத்திட்டாங்க போலக்கா. நாங்களும் மொத நாளே போயிருக்கணும். எங்க மேலயும் தப்புதான்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. நான் சொன்னது ஒரே வார்த்தை.

"மாத்திருப்பாங்க."

பிறகு அவள் பெயரையும் மார்க்கையும் நானே அடித்தேன். உயரம், எடை, ஷிப்ட் பார்க்கச் சம்மதம். அவள் போனதும் நெட்டில் உண்மையாகவே தேடினேன். முதல் முறையாக ஒரு பக்கத்தைத் தலையிலிருந்து கால் வரை படித்தேன். தலைப்பு ஒரு படமாக இருந்தது. அந்தப் படத்துக்குள்தான் கல்வியாண்டு கொட்டை எழுத்தில் இருந்தது. நான் சேமித்து வைத்ததில் வெறும் கட்டமாக நின்றது அதுதான். அவள் விரல் வைத்துக் கேட்ட இடமும் அதுதான்.

'ரெடி' ஃபோல்டரிலிருந்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் அழித்தேன். தாஜ்மகாலை அழிக்கவில்லை. என் மனசாட்சியின் அளவு அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் அறிவிப்பு வந்த அன்றே ஒரு பிரிண்ட் எடுத்தேன். இந்த முறை படமும் விழுந்திருந்தது. காலையில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். ஜெசிந்தா கழுத்தில் அடையாள அட்டையோடு, முடியை இறுக்கிக் கொண்டை போட்டு நின்றிருந்தாள். தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இந்த முறை படிக்கவில்லை.

"ஞாபகம் வெச்சிக்கினு வந்தியாக்கா? தம்பிய பாலிடெக்னிக்ல சேத்துட்டோம். நான் நின்னுட்டா வூட்ல கஷ்டம். லைன்ல இப்ப நல்லாத்தான் போவுது. சூப்பர்வைசர்கூட நல்லவங்க." பஸ் ஏறும்போது திரும்பிப் பார்த்து, "நீதாங்கா எனக்காக இவ்ளோ பண்ற" என்றாள்.

அந்த வார்த்தையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. பஸ் கிளம்பிவிட்டது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பஸ் ஐந்து நிமிஷம் நின்றுதான் கிளம்பியது.

சில வருஷத்தில் அவள் வேலை பார்த்த அந்தச் செல்போன் கம்பெனியை மூடிவிட்டார்கள். பெண்கள் கும்பல் கும்பலாகப் பெட்டியோடு ஊருக்குக் கிளம்பினார்கள், என் அறைத் தோழிகளும்தான். ஜெசிந்தா வீட்டைத் தேடி மண்ணூருக்கு ஒருமுறை போனேன். வெல்டர் குடும்பம் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டது, எங்கே என்று தெரியாது என்றார்கள். யார் எதைக் கேட்டாலும் தேடித் தருகிறவள் என்று பெயர் வாங்கினவள் நான். ஒரு பெண்ணின் முகவரி எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது நான் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். முதல் வகுப்பிலேயே மவுஸைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன். யார் எழுதினது, எப்போது எழுதினது, வேறு எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி உயிரை வாங்குவேன். பிரிண்ட் எடுத்தால் கீழ் மூலையில் விழும் தேதியை நம்பாதே என்பேன். "பிரிண்ட்லாம் யாரு மிஸ் எடுக்குறா?" என்று சிரிப்பார்கள். அதுவும் சரிதான்.

பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. கடையை மூடியபோது கம்ப்யூட்டர்களை அண்ணன் குன்றத்தூர்ப் பக்கம் தங்கை வீட்டில் போட்டு வைத்திருந்தார். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருஷம் அங்கே தண்ணீர் புகுந்தது. போன் செய்தேன். "எல்லாம் தண்ணில போச்சும்மா, ஒன்னியும் தேறல" என்றார். வீட்டு ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்றதும் ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் 'ரெடி'யும் போய்விட்டது என்ற நிம்மதி கொஞ்சம் கலந்திருந்ததை இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

கடை போய்விட்டது, கம்பெனி போய்விட்டது, பிளாஸ்டிக் ஸ்டூலும் யு.பி.எஸ். சத்தமும் போய்விட்டன. எங்கேயோ ஜெசிந்தா இருக்கிறாள். முப்பது வயது தாண்டியிருக்கும். தேதியை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றும், தான் முதல் நாளே போயிருக்க வேண்டும் என்றும் அவள் இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பாள்.