ரத்தத்தில் ஏறாத காற்று

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்கு 'மூச்சுராணி' என்று பட்டப்பெயர் வைத்தது அவளுடைய நாத்தனார்தான். கணவனின் அக்கா. அந்தப் பிரிவுக்கு மேற்பார்வையும் அவளே. இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்ததால், வேலை நேரம் முடிந்தால் தப்பிக்கலாம் என்கிற ஆறுதல்கூடக் கிடையாது.

முந்தைய வருடம் நிமோனியா வந்து பிழைத்ததிலிருந்து நாலு படி ஏறினாலே அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. எக்ஸ்ரே எடுத்தார்கள், சி.டி. எடுத்தார்கள். இரண்டிலும் குறை எதுவும் தெரியவில்லை.

"ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நடிச்சது போதும்," என்றாள் நாத்தனார், பத்துப் பேர் நடுவில். அன்றிலிருந்து ஈரப் போர்வை நிறைந்த தள்ளுவண்டியைச் சரிவுப் பாதையில் மேலே ஏற்றும் வேலை தினமும் இவள் தலையில் விழுந்தது. பாதியில் நின்று சுவரைப் பிடித்தால் கீழேயிருந்து கைதட்டுவார்கள்.

கணவனிடம் அழுதாள். "அக்கா சும்மா சொல்ல மாட்டாங்க," என்று அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான். அதன்பிறகு அவள் அழவில்லை. கறுவிக்கொண்டு காத்திருந்தாள்.

எக்ஸ்ரேயில் குறையில்லாமலே மூச்சு வாங்குகிறவர்கள் ஆராய்ச்சிக்குத் தேவை என்று ஸ்கேன் பிரிவில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். துவைத்த துணி கொடுக்கப் போனவள் அங்கேயே பெயர் கொடுத்தாள்.

மார்பைச் சுற்றிச் சட்டைபோல எதையோ மாட்டி, எம்.ஆர்.ஐ. மெஷினில் படுக்கவைத்தார்கள். பக்கத்து அறையிலிருந்து டெக்னீஷியன் ஒரு பிளாஸ்டிக் பையோடு ஓட்டமும் நடையுமாக வந்தார். உள்ளே செனான் வாயு. லேசர் ஒளியால் அதன் அணுக்களைக் குட்டிக் காந்தங்களைப்போல வரிசைப்படுத்தியிருப்பதால்தான் மெஷினுக்குத் தெரியும், சீக்கிரமே அந்த வரிசை கலைந்துவிடும், அதனால்தான் இந்த அவசரம் என்றார்.

"முழுசா இழுங்கம்மா. பத்து செகண்ட் விடாம பிடிங்க."

தலை லேசாகச் சுற்றியது. நாத்தனார் முகத்தை நினைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தாள்.

டாக்டர் வண்ணப் படத்தைத் திருப்பிக் காட்டினார். "காத்து நுரையீரல் முழுக்கப் போகுது. ஆனா அங்கிருந்து ரத்தத்துல சரியா ஏறல. பச்சையா இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவப்பா இருக்கு பாருங்க. சாதாரண ஸ்கேன்ல இது தெரியாது. நீங்க சொன்னது நிஜம்தாம்மா."

குணமாகுமா என்றுகூட அவள் கேட்கவில்லை. "இதைப் பெரிசா ரெண்டு காப்பி போட்டுத் தருவீங்களா?" என்றாள்.

ஒன்று சலவைப் பிரிவில் டியூட்டி பட்டியலுக்குப் பக்கத்தில் ஏறியது. இன்னொன்று வீட்டில், டிவிக்கு நேர் மேலே. கணவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எழுந்து வெளியே போய்விட்டான்.

டாக்டர் கடிதத்தைப் பார்த்து நிர்வாகம் அவளைத் துணி மடிக்கும் வேலைக்கு மாற்றியது. வேறு ஆள் வரும்வரை மேற்பார்வையாளரே வண்டி தள்ளட்டும் என்றும் உத்தரவு வந்தது. இவள் தன் துணி மடிக்கும் மேஜையைச் சரிவுப் பாதைக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நாத்தனார் பாதி வழியில் இடுப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"மெதுவா, அண்ணி. நடிக்கிறீங்கன்னு யாராவது சொல்லிடப் போறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தடுக்கவில்லை.

ஒரு மாதம் போனது. வீட்டில் நாத்தனார் குரலைத் தாழ்த்தி, "தெரியாம பேசிட்டேன். அந்தப் படத்தை எடுத்துடேன். வர்றவங்கெல்லாம் என்னன்னு கேக்கறாங்க," என்றாள்.

"கேக்கட்டும். நீங்களே சொல்லுங்க."

ஆறு மாதம் கழித்து மறுபடி செனான் ஸ்கேன். சிவப்பு பெரும்பாலும் பச்சையாக மாறியிருந்தது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். அவளுக்கும்தான்.

ஆனால் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. படம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவளுக்குப் பதிலாக மொட்டை மாடிக்குத் துணி காயப்போட ஏறும் நாத்தனார்தான் இன்னமும் மூன்று மாடி ஏறுகிறாள். சில நாள் அந்தக் காலடிச் சத்தம் கேட்கும்போது அவளுக்கு உறுத்தும். 'இன்னும் கொஞ்ச நாள் ஏறட்டும்' என்று முதுகுக்குத் தலையணையை வாகாக வைத்துக்கொள்வாள்.