மைமூன் மாமி இறால் ஊறுகாய்

போன வாரம் ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இளம் தொழில்முனைவோரைத் தொழிலை விடாமல் பிடித்து வைப்பது எது என்பது தலைப்பு. எனக்கென்ன கவலை... பேஷன், விஷன், விடாமுயற்சி என்று முக்கால் மணி நேரம் ஓட்ட மாட்டேனா?

முதல் நாள் மாலை பக்கத்தில் மண்டபம் என்ற கடலோர ஊரில் இருக்கும் நஸ்ரின் வீட்டுக்குப் போனேன். நண்பரின் மகள். புகுந்த வீட்டின் பின்கட்டில் இறால் ஊறுகாய் போட்டு ஊர் ஊராக அனுப்புகிறாள். பாட்டிலில் பெரிய எழுத்தில் 'மைமூன் மாமி இறால் ஊறுகாய்'. மைமூன் — அவளுடைய மாமியார்.

"மாமியோட கைப்பக்குவமா?" என்றேன்.

நஸ்ரின் குரலைத் தாழ்த்தினாள். "அவங்க கரண்டியவே தொட்டதில்ல அங்கிள். நம்ம வீட்டுப் பொம்பள ஊறுகா விக்கிறதான்னு ஒரே சண்டை. பேர வச்சா வாய அடச்சிரலாம்னு வச்சேன்."

ஐடியா பலித்தது. சண்டை நின்றது.

ஆனால், இந்த வருட மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் இறால் கிடைப்பதே அபூர்வமாகிவிட்டது. கிடைத்ததை வைத்துப் போட்ட ஊறுகாயும் மூடி சரியில்லாமல் பார்சலிலேயே ஒழுகியது. வாங்கியவர்கள் போனில் வறுத்தெடுத்துவிட்டார்கள். நஸ்ரினுக்கு வெறுத்தேபோனது. ஒரு மத்தியானம் அழுதுகொண்டே வாசல் போர்டைக் கழற்றி உள்ளே சாய்த்து வைத்துவிட்டாள்.

மாமி பார்த்துவிட்டார்.

"ஏம்புள்ள, எம் பேர ஊரெல்லாம் அனுப்பிட்டு, இப்ப நீ பாட்டுக்கு மூடிருவியா? எந்த நிக்காஹ்வுக்குப் போனாலும் 'ஊறுகா மாமி வந்துட்டாங்க'ன்னு கூப்பிட்டு ஒக்கார வைக்கிறாளுக. இனி அங்கன போயி என்னத்தச் சொல்லுவேன்?"

மறுநாள் விடிகாலை, கரைப்பக்கமே போகாத மாமி, நாட்டுப்படகுகள் வருமிடத்தில் கூடையோடு நின்றாராம். கொஞ்சம் இறாலோடு திரும்பி வந்து, போர்டைத் தன் கையாலேயே மாட்டினாராம்.

"மூடிரலாம்னு இப்பவும் தோணும் அங்கிள். ஆனா அவங்ககிட்ட யாரு போயிச் சொல்றது?" என்று சிரித்தாள் நஸ்ரின். அழுத பெண் சிரிப்பதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். ஆசை என்பது பாதி வழியில் களைத்துவிடும். தனியாள் என்றால் சத்தமில்லாமல் நழுவிவிடலாம். நம் வேலையில் இன்னொருவருடைய மானமும் சேர்ந்துவிட்டால்...? அப்புறம் எங்கே நழுவுவது! மறுநாள் கல்லூரியில் பேஷனையும் விஷனையும் பையிலேயே வைத்துவிட்டு இதைத்தான் சொன்னேன்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேனே. நான் கிளம்பும்போது மைமூன் மாமியே புது ஊறுகாயை ஒரு ஸ்பூனில் எடுத்து நீட்டினார். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம்! "என்னென்னம்மா போடுறீங்க?" என்று கேட்டேன்.

மாமி ஓரக்கண்ணால் மருமகளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கம்பீரமாகச் சொன்னார்: "அது தொழில் ரகசியம் தம்பி!"